தலைமாட்டில் இருக்கும் கைப்பேசி

கைப்பேசிப் பழக்கத்தை அடிமைத்தனம் என்று அழைக்கலாமா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் மின்னணு விளையாட்டுக் கோளாறு சேர்க்கப்பட்டதே தவிர, கைப்பேசிப் பழக்கம் தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அந்த விளையாட்டுக் கோளாறுக்கு அங்கே சொல்லப்படும் அடையாளங்கள், அதாவது கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற எல்லா அலுவலுக்கும் மேலாக அதற்கே முதலிடம் தருதல், கேடு விளைவது தெரிந்தும் தொடருதல் ஆகியவை, கைப்பேசியைக் கீழே வைக்க முடியாமல் தவிப்பவர்களிடமும் காணப்படுவதால், அவர்களது துன்பத்தை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

மனஉறுதி இருந்தால் போதும், எந்தப் பழக்கத்தையும் விட்டுவிடலாம் என்ற அறிவுரை இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதியே ஒரு செயலை மிக விடாப்பிடியாகத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1950-களிலேயே ஆய்வுக்கூடத்தில் காட்டினார். கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்துவிட்டுப் புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்க்கும் அந்த ஒரு நொடியில் இயங்குவது இதே விதிதான். 2006-இல் ஆசா ராஸ்கின் உருவாக்கிய முடிவிலா உருட்டல், அதாவது பக்கத்தின் அடி வரவிடாமல் மேலும் மேலும் செய்திகளை ஏற்றிக்கொண்டே போகும் முறை, நிறுத்திக்கொள்வதற்கு இயல்பாக அமைந்திருந்த இடத்தையும் அகற்றிவிட்டது. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் எதிரே, நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒருவர் இரவு பத்து மணிக்குத் தம் மனஉறுதியை மட்டும் நம்பி நிற்பது கடினம்.

முதல் அடி தூக்கத்தின் மீதே விழுகிறது. இருள் சூழும்போது மூளையின் கூம்புச் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரந்து உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. திரையின் நீல ஒளி இச்சுரப்பைத் தாமதப்படுத்தக்கூடும். ஆனால் ஒளியை விடவும் உள்ளடக்கமே பெரிய பகை என்று கொள்ள இடமுண்டு. திரையை மஞ்சள் நிறத்துக்கு மாற்றிவைத்துவிட்டு அலுவலகக் குழுவில் வந்த கடுஞ்சொல்லைப் படிப்பவருக்கு உறக்கம் வந்துவிடுவதில்லை. மறுநாளைய எரிச்சல், மறதி, பசி ஒழுங்கின்மை ஆகியவற்றுக்கு வேறு காரணம் தேடுவோர் பலரும் இந்த இரவுக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கழுத்தும் கண்ணும் இதற்கு அடுத்தே வருகின்றன. நிமிர்ந்த நிலையில் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை, 60 பாகை குனியும்போது முதுகெலும்பின் மீது சுமார் 27 கிலோ அளவுக்கு அழுத்தும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். திரையை உற்றுப் பார்க்கையில் இமைத்தல் குறைவதால் கண் வறண்டு எரிகிறது.

இப்பழக்கத்திலிருந்து மீள முயல்வோரின் அனுபவம் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுட்டுகிறது: கைப்பேசி எங்கே உறங்குகிறது என்பதே கேள்வி. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் நிலையாக மாட்டிவிட்டு, விழிப்பதற்கென்று சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கிவைப்பதே பலன் தரும் முதல் வேலை. ஏனெனில் அலாரத்துக்காக என்று தலைமாட்டில் வைக்கப்படும் கருவிதான் நள்ளிரவில் மணி பார்க்க எடுக்கப்பட்டு, வாட்ஸ்அப்புக்கும் அங்கிருந்து ரீல்ஸுக்கும் இட்டுச்செல்கிறது. ஊரில் இருக்கும் வயதான பெற்றோர் அழைத்தால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. அழைப்பு மணியை மட்டும் உரக்க வைத்து மற்ற அறிவிப்புகளை அடக்கிவிட்டால் அந்த அச்சம் தீரும். தொடக்க இரவுகளில் கை தானாகத் தலையணைக்கடியில் துழாவும், மனம் காரணமின்றிப் பதறும். பழக்கம் பிடி தளரும்போது இப்படி நேர்வது இயல்பே என்று முன்பே தெரிந்திருப்பவர் பாதியில் கைவிடுவதில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் இதைக் கடைப்பிடிப்பது நிலைப்பதில்லை என்பதும், சோறூட்டும் வேளையில் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணிக்கும் பெற்றோர் பின்னாளில் அதே குழந்தையைக் கண்டிக்கும் தகுதியை இழக்கின்றனர் என்பதும் இங்கே அழுத்திச் சொல்லத்தக்கவை.

இத்தனை செய்தும் படிப்போ வேலையோ உறவோ சரிந்துகொண்டே போகுமானால், மருத்துவரை நாடுவதில் தயக்கம் தேவையில்லை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்திவருகிறது. நேரில் போக முடியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.