எட்டு மைக், ஒரே தாளம்

பஜனைப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தப் பாடம். இதில் பாதியை நான் தப்பு செய்துதான் கற்றேன். அந்தத் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்துப் பாடும் தாத்தா ஒருவர் இருக்கிறார். தோட்டத்துக் கோயிலில் சின்ன வயதில் கற்ற மெட்டுகள் அவரிடம் உண்டு. தோட்டமும் இப்போது இல்லை, கூடப் பாடியவர்களும் இல்லை. ஒன்பது பாட்டு, அவர் குரலில் மட்டும்தான் இருக்கிறது. "தாத்தா, நம்ம வீட்டு ஹாலிலேயே பதிவு பண்ணிடலாம்" என்றேன். "சரிப்பா, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பாடினாத்தான் எனக்குப் பாட்டு வரும்" என்றார்.

எல்லாரும் என்றால் எத்தனை மைக்? தாத்தாவுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு, கஞ்சிராவுக்கு ஒன்று, ஜால்ராவுக்கு ஒன்று, கூடப் பாடுகிறவர்களுக்கு இரண்டு. மொத்தம் எட்டு. என் இன்டர்ஃபேஸில் மைக் துளை நான்குதான்.

1. பெட்டிமேல் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8 என்ற கருவியைப் பாருங்கள். 18 என்றதும் பதினெட்டு மைக் செருகலாம் என்று நினைப்போம். உண்மையில் அனலாக் வழி 8. அதிலும் மைக்குக்கு 4தான். எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் வழியில் 2, அடாட் என்ற ஆப்டிகல் வழியில் 8. எல்லாம் கூட்டினால்தான் 18. அந்த டிஜிட்டல் துளைகள் நமக்காகக் காத்திருக்கும் காலி இடம். உங்கள் கருவியின் பின்பக்கம் 'ஆப்டிகல் இன்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

2. அடாட் என்றால் என்ன?

1990களின் தொடக்கத்தில் அலெசிஸ் நிறுவனம் வீடியோ டேப்பில் எட்டுத் தடம் பதிவு செய்யும் அடாட் கருவியைக் கொண்டுவந்தது. அந்த டேப் கருவி மறைந்துவிட்டது. அதற்காக வந்த ஒளி இணைப்பு நிலைத்துவிட்டது. ஒரே மெல்லிய கேபிளில் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு வழி போகும். 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் நான்குதான் போகும். நம் பஜனைக்கு 48 தாராளம்.

இந்தக் கேபிளில் நேராக மைக்கைச் செருக முடியாது. அதில் போவது வெறும் எண்கள். மைக்கின் ஒலியைப் பெரிதாக்கி எண்ணாக மாற்ற, எட்டு மைக் ப்ரீஆம்ப் கொண்ட தனிப் பெட்டி வேண்டும். பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 அந்த வகை. வாங்க வசதி இல்லையென்றால் ஒலிபெருக்கி வேலை செய்யும் அண்ணன்மாரிடம் ஒரு நாளைக்குக் கேட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் இரவல் வாங்கினேன்.

"ரெண்டு சின்ன யுஎஸ்பி இன்டர்ஃபேஸைச் சேர்த்துப் போட்டா ஆகாதா?" என்று கேட்பீர்கள். விண்டோஸில் பெரும்பாலான பதிவு மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரு ஏஎஸ்ஐஓ டிரைவரைத்தான் ஏற்கும். மேக்கில் சேர்க்கலாம், ஆனால் அடுத்து சொல்லப்போகும் சிக்கல் அங்கேயும் வரும்.

3. தாளம் போடுவது ஒருவர்தான்

பஜனையில் ஆளுக்கொரு தாளம் போட்டால் என்ன ஆகும்? ஒருவர் ஜால்ராவில் தாளம் பிடிப்பார், மற்றவர்கள் அதைக் கேட்டு நடப்பார்கள். டிஜிட்டல் கருவிகளும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கிளாக் உண்டு. அது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கச் சொல்லும். ஒரு பெட்டி 48,000 அளக்கும் நேரத்தில் மற்றது 48,001 அளந்தால், நொடிக்கு ஓர் எண் அதிகமாகிவிடும். அது எங்கே போகும்? 'டிக்' என்ற சத்தமாக வெளியே வரும்.

நான் செய்த தப்பு இதுதான். கேபிளை மாட்டினேன், ஒலி வந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். என் இன்டர்ஃபேஸ் 'இன்டர்னல்' கிளாக்கிலேயே இருந்தது. வெளிப்பெட்டியும் தன் சொந்தக் கிளாக்கில் ஓடியது. சோதனைக்கு மிருதங்கத்தை வாசிக்கச் சொன்னேன். அந்தச் சத்தத்தில் டிக் கேட்கவில்லை. பதிவின்போது நான் ஹெட்ஃபோன் போடவே இல்லை, ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தேன்! இரவு கேட்டால், தாத்தா மெதுவாக இழுத்துப் பாடும் இடமெல்லாம் டிக், டிக்.

அடுத்த வாரம் மறுபடி பாடச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் தாத்தாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

4. சரியான முறை

• வெளிப்பெட்டியின் அடாட் 'அவுட்'டிலிருந்து இன்டர்ஃபேஸின் 'இன்'னுக்குக் கேபிள். முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். பெட்டியை ஆன் செய்தால் கேபிளின் மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிய வேண்டும். கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.

• சில கருவிகளில் அதே துளை அடாட்டுக்கும் எஸ்பிடிஐஎஃப்புக்கும் பொது. மென்பொருளில் அடாட் என்று தேர்ந்தெடுங்கள்.

• கேபிள் ஒன்றுதான் என்றால் கிளாக்கும் அந்தத் திசையில்தான் வரும். ஆகவே வெளிப்பெட்டி 'இன்டர்னல் 48'. இன்டர்ஃபேஸின் கிளாக் 'அடாட்'. பதிவு மென்பொருளிலும் 48. இன்டர்ஃபேஸே தாளம் போட வேண்டுமென்றால் அதன் 'அவுட்'டிலிருந்து பெட்டிக்கு இரண்டாவது கேபிள் வேண்டும்.

• 'லாக்ட்' என்று காட்டுகிறதா பாருங்கள்.

• ஹெட்ஃபோன் போட்டு, ஒருவரை மெல்லிய குரலில் நீட்டிப் பாடச் சொல்லி ஐந்து நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். இதை மட்டும் விடாதீர்கள்.

நான்கு மாதம் கழித்துத் தாத்தா வீட்டுக்கு வந்தார். குரல் தளர்ந்திருந்தது. "முடிஞ்ச வரைக்கும் பாடுறேன்பா" என்றார். இந்தமுறை டிக் இல்லை. ஆனால் ஒன்பதில் மூன்று பாட்டுதான் பாட முடிந்தது. மற்ற ஆறும் அந்த டிக் சத்தத்தோடுதான் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு மெட்டைப் பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வட்டாரக் கோயிலில் வேறு யாருக்கும் தெரியாத பாட்டை வைத்திருக்கும் பெரியவர் யார்?

2. அவரைப் பதிவு செய்ய எத்தனை மைக் வேண்டும்? யாரிடம் என்ன கருவி இருக்கிறது?

3. எந்தத் தேதியில் போகப்போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு இன்றே பதில் எழுதுங்கள்.