குட்டை நெல்லும் குட்டைக் கோதுமையும்

வடாலாவில் நம் இல்லங்களில் பகலில் சோறு, இரவில் சப்பாத்தி என்பது பழகிவிட்டது. இவ்விரு தானியங்களும் 1960களில்தான் நம் நாட்டு வயல்களில் குட்டையாயின. ஆனால் இரண்டும் குட்டையான காரணம் வேறு வேறு. அதை இப்பாடத்தில் காண்போம்.

ஊரில் வயல் பார்த்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பழைய நெல் ரகங்கள் நெட்டையாக வளரும். உரமிட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் முற்றியதும் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்து வீணாகும்.

தண்டை நீளச் செய்வது ஜிப்ரலின் என்னும் ஹார்மோன். இதைக் காட்டிக்கொடுத்ததும் நெல்தான். ஒருவகைப் பூஞ்சை தாக்கிய நாற்றுகள் அளவுமீறி நெட்டையாவதற்கு, அப்பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று 1926இல் ஜப்பானிய அறிஞர் குரோசாவா காட்டினார். பயிர்களும் அப்பொருளைத் தாமே உண்டாக்குகின்றன என்பது பின்னர் தெரிந்தது.

செல்லுக்குள் ‘டெல்லா’ என்னும் புரதம் பிரேக் போல வளர்ச்சியைத் தடுத்து நிற்கிறது. ஜிப்ரலின் தன் ஏற்பியோடு சேர்ந்ததும், அந்த ஏற்பி டெல்லாவைப் பிடித்துக்கொள்கிறது. செல் அதை அழித்துவிடுகிறது. தடை நீங்கித் தண்டு நீள்கிறது. ஆகவே பயிர் குட்டையாக இரு வழிகள் உண்டு: ஹார்மோன் குறைய வேண்டும், அல்லது ஹார்மோன் இருந்தும் அதன் செய்தி செல்லாமற்போக வேண்டும்.

நெல் முதல் வழி. பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. வட ஆர்க்காட்டு உழவர் ஒருவர் தம் மகனுக்கு அதன் பெயரையே வைத்தார்! இந்நெல்லில் ஜிப்ரலின் தயாரிக்கும் நொதிகளுள் ஒன்றின் மரபணு பழுதுபட்டிருப்பது 2002இல் தெரியவந்தது.

கோதுமை இரண்டாம் வழி. ஜப்பானின் நோரின் 10 ரகத்தின் குட்டைத்தன்மை மெக்சிகோ வழியாக நம் நாட்டுக்கு வந்தது. 1966இல் மட்டும் 18,000 டன் விதை வாங்கப்பட்டது. இதில் டெல்லாவின் மரபணுவே மாறியுள்ளது. ஏற்பியால் அதைப் பிடிக்க முடியாததால் பிரேக் விலகுவதில்லை. இது 1999இல் கண்டறியப்பட்டது.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நாற்றுகளின் மேல் ஜிப்ரலின் தெளித்தால் போதும். நெல் உயரும், கோதுமை அசையாது.

குட்டைப் பயிர் சாயாது. தண்டுக்குப் போகும் சத்து மணிக்குச் சேரும். பஞ்சம் விலக இது பெரிதும் உதவியது. ஆனால் விலையும் உண்டு. வைக்கோல் குறைந்தது. டெல்லா மிகுந்த பயிர் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் திறனும் குறைகிறது என்று 2018இல் சீன அறிஞர்கள் காட்டினர். அதனால்தான் இவற்றுக்கு யூரியா மிகுதியாக வேண்டியிருக்கிறது. டெல்லாவுக்கு எதிராக நின்று நைட்ரஜன் ஏற்பைத் தூண்டும் வேறொரு மரபணுவையும் அவர்கள் சுட்டினர். அதை வலுப்படுத்தினால், குட்டையாகவே இருந்து குறைந்த உரத்தில் விளையும் பயிர் கிடைக்கக்கூடும். உரச்செலவால் கடன்படும் நம் ஊர் உழவருக்கு அதுவே அடுத்த விடிவு.

பிள்ளைகளுக்கு ஒரு வினா: ஏற்பியின் மரபணு பழுதானால் பயிர் நெட்டையாகுமா, குட்டையாகுமா? காரணத்தோடு கூறுக.