மாலைப் படிப்பகத்தில் நான் கற்ற பாடம்

எழுத்தறிவு வேறு, படிப்பார்வம் வேறு. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள் அனைவரும் நூலை நாடுவதில்லை. நாடாத பிள்ளை கற்ற எழுத்தையும் நாளடைவில் மறக்கின்றது. பள்ளி விட்டபின் நடைபெறும் மாலைப் படிப்பகம் இக்குறையை நீக்கவல்லது. ஆயின் அதனை நடத்தும் முறை ஒன்று உண்டு. அதனை நான் தவறு செய்தே அறிந்தேன்.

தில்லியில் கூலித் தொழிலாளர் வாழும் பகுதியொன்றில், மாணவர் சிலர் கூடிப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டினோம். ஒவ்வொரு கதை முடிவிலும், "இதன் நீதி யாது?" என்று நான் வினவுவேன். ஒரு மாதத்தில் இருபது பேர் ஏழு பேராயினர். பள்ளி முடிந்து வந்த பிள்ளைகளுக்கு நான் மற்றுமொரு பள்ளியையன்றோ வைத்திருந்தேன்!

அப்பொழுதுதான் கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' என் கைக்கு வந்தது. வழக்கறிஞராயிருந்து ஆசிரியரான இப்பெரியார் (1885–1939), குசராத்திலுள்ள பாவநகரில் 1920-இல் பாலமந்திரம் கண்டவர். அந்நூலில் வரும் ஆசிரியர் வகுப்பை அடக்க முயன்று முதல் நாளே தோற்கிறார். பின்பு கதை சொல்லியே பிள்ளைகளின் உள்ளத்தைக் கவர்கிறார்.

நானும் முறையை மாற்றினேன். முதலாவது, கதைக்குப் பின் கேள்வி இல்லை. இரண்டாவது, நூலைப் பிள்ளையே தேர்ந்து வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். கிழிந்தால் ஒட்டுவோம், கடியமாட்டோம். மூன்றாவது, கதையைப் பாதியில் நிறுத்துவேன், முடிவு அவர்களுடையது.

ஒருநாள் நம் பாட்டி வடை சுட்ட கதையை இந்தியில் சொல்லி, காகம் வடையைத் தூக்கியதும் நிறுத்தினேன். அதுவரை வாய் திறவாத சிறுமி ஒருத்தி சொன்னாள்: "காகம் வடையைத் திருப்பிக் கொடுத்தது. பாட்டி அதை ஈ ஓட்டும் வேலையில் வைத்துக்கொண்டாள். கூலி, நாளுக்கு ஒரு வடை." அவள் சொன்னபடியே தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதனைத் தடையின்றிப் படித்தாள். தன் வீட்டு மொழியில், தன் வாயிலிருந்து வந்த சொற்களல்லவா! பொருள் முன்பே தெரிந்ததால் எழுத்து எளிதாயிற்று. படைப்பும் படிப்பும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதை அன்று கண்டேன்.

யுனெஸ்கோவின் துணையோடு 1951-இல் தில்லிப் பொது நூலகமும், 1957-இல் ஓவியர் சங்கரின் குழந்தைகள் புத்தக நிறுவனமும் தோன்றின. நூல்களுக்குக் குறைவில்லை, அவற்றைப் பிள்ளையின் கையில் சேர்ப்பவரே வேண்டும். மாணவ நண்பர்களே, வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஈவீர்களா? கேள்வித்தாளை மட்டும் விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.