முடிவு வருமுன் தெரியும் அறிகுறிகள்: எதை நம்பலாம், எதுவரை நம்பலாம்?

இன்டர்மீடியட் தேர்வு முடிந்த நாள் முதல் கல்லூரியில் இடம் உறுதியாகும் நாள் வரை நம் வீடுகளில் யாருக்கும் நிம்மதி இருப்பதில்லை. பக்கத்து வீட்டார் ஒன்று சொல்வார்; கோச்சிங் சென்டரில் வேறொன்று சொல்வார்கள்; வேலூரிலிருந்து மாமா போன் செய்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் சற்று அதிகம். நம் பிள்ளைகளில் பலர் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கிறார்கள். இரண்டு மாநிலங்களின் முறைகளும் வேறு வேறு.

ஆண்டுதோறும் இது பற்றி என்னிடம் கேட்கும் பெற்றோர்க்கு, எந்த அறிகுறியைக் கண்டாலும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள் என்பேன். இதைச் சொல்பவர் இடம் கொடுக்கும் அதிகாரம் உடையவரா? இதற்குப் பிறகும் மாறக்கூடியது என்ன? இவ்விரண்டையும் வைத்து, அறிகுறிகளை வரும் வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில் வருவது விடைக்குறிப்பு, அதாவது 'கீ'. ஆந்திரப் பொறியியல் நுழைவுத் தேர்வை முன்பு எம்செட் என்றோம். 2021 முதல் அதன் பெயர் ஈ.ஏ.பி.செட். மொத்தம் 160 மதிப்பெண்: கணிதம் 80, இயற்பியல் 40, வேதியியல் 40. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கீ வெளியானதும் பிள்ளைகள் கூட்டிப் பார்த்து, "எனக்கு 95 வரும்" என்கிறார்கள். ஆனால் தேர்வு பல வேளைகளில் நடப்பதால், கடினமான வினாத்தாளையும் எளிய வினாத்தாளையும் சமன்படுத்தி மதிப்பெண்ணைத் திருத்துவார்கள். அதன் மேல் ரேங்க் கணக்கில் நுழைவுத் தேர்வுக்கு 75 சதவீதம், இன்டர் மதிப்பெண்ணுக்கு 25 சதவீதம். ஆகவே, கீயை வைத்து ரேங்க் சொல்பவர் ஊகம்தான் சொல்கிறார்.

இரண்டாவது, ரேங்க். இது அதிகாரபூர்வமானது, மாறாதது. ஆனால் ரேங்க் என்பது வரிசையில் நிற்கும் இடம்தான். கல்லூரி இடம் அன்று.

மூன்றாவது, சென்ற ஆண்டின் கடைசி ரேங்க் பட்டியல். எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்த வகுப்பினருக்கு, எந்த ரேங்க் வரை இடம் கிடைத்தது என்பதை அது காட்டும். இது மிகப் பயனுள்ளது. ஆனால் நம்மவர்கள் இதைத்தான் பெரும்பாலும் தவறாகப் படிக்கிறார்கள். 1974ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி 85 சதவீத இடங்கள் 'லோக்கல்' மாணவர்களுக்கு உரியவை. நமக்கு லோக்கல் பகுதி என்பது ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதி. இன்டர் தேர்வோடு முடியும் தொடர்ச்சியான நான்கு ஆண்டுகள் இப்பகுதியில் படித்திருப்பதே இதற்குரிய பொது விதி. சித்தூரில் குடியிருந்துகொண்டு ஒன்பது, பத்தாம் வகுப்புகளைக் காட்பாடியில் படித்த பிள்ளை இந்தக் கணக்கில் வராது. பெற்றோர் பத்தாண்டுகள் இம்மாநிலத்தில் வசித்ததற்குச் சான்று காட்டினால் எஞ்சிய 15 சதவீதத்தில் போட்டியிடலாம். அங்கே கடைசி ரேங்க் வேறாக இருக்கும். எனவே பட்டியலைப் பார்க்குமுன், நம் பிள்ளை எந்தப் பிரிவில் வருகிறது என்பதை அவ்வாண்டு அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பிள்ளையை எட்டாம் வகுப்போடு எல்லை தாண்டி அனுப்ப நினைக்கும் பெற்றோரும் இதை இப்போதே யோசிப்பது நல்லது.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்குமாக, 200க்குக் கட்ஆப் கணக்கிடுகிறார்கள். அங்கே முதலில் வருவது ராண்டம் எண். "பெரிய எண் வந்திருக்கிறது, இடம் நிச்சயம்" என்று இனிப்பு வழங்கிய வீட்டை நான் அறிவேன். அந்த எண், மற்ற எல்லாவற்றிலும் சமமாக நிற்கும் இருவரில் யார் முன்னால் என்பதைத் தீர்மானிக்க மட்டுமே. அது இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நான்காவது, அதிகாரிகளே தரும் முன்னறிகுறி. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கையை நடத்தும் ஜோசா அமைப்பு, உண்மையான ஒதுக்கீட்டுக்கு முன் மாதிரி ஒதுக்கீடு வெளியிடுகிறது. மருத்துவ அகில இந்திய ஒதுக்கீட்டிலும் முதலில் தற்காலிக முடிவு, பிறகு இறுதி முடிவு. சொல்பவர் அதிகாரம் உடையவர்தாம்; ஆனால் மாறக்கூடியது இன்னும் இருக்கிறது. மாதிரியைப் பார்த்துப் பிறரும் தங்கள் விருப்ப வரிசையை மாற்றுவார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல் போன்ற பல்கலைக்கழகங்கள் சில மாணவர்களுக்கு, இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று முடிவுக்கு முன்னரே கடிதம் எழுதுவதுண்டு. அதை அங்கே நம்புகிறார்கள். காரணம், முடிவு எடுப்பவரே எழுத்தில் தருகிறார். ஏஜென்டின் வாய்ச்சொல் அப்படியன்று.

இதில் பணமும் இருக்கிறது. ஆந்திரத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் 70 சதவீத இடங்கள் கன்வீனர் கோட்டா, 30 சதவீதம் மேனேஜ்மென்ட் கோட்டா. ரேங்க் வந்த வாரமே, "இந்த ரேங்குக்கு ஒன்றும் கிடைக்காது, இன்று கட்டினால் சீட்டு உண்டு" என்று போன் வரும். எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார் மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டினார். மூன்று வாரங்களில் அதே பாடப்பிரிவு கன்வீனர் கோட்டாவில் மகளுக்குக் கிடைத்தது. பணம் திரும்பி வர அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பயமுறுத்தும் அறிகுறியையும் அதே இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டும். ஒதுக்கீடு வருமுன் பணமோ அசல் சான்றிதழ்களோ எவரிடமும் கொடுக்காதீர்கள்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வெப் ஆப்ஷன் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து தயார் செய்யுங்கள். மிக விரும்பும் கல்லூரி முதலில், அடுத்தது அடுத்து என்று வரிசையாக எழுதி, ரேங்குக்கு எளிதில் கிடைக்கக்கூடிய சிலவற்றையும் கடைசியில் சேருங்கள். கீழே கூடுதலாக எழுதுவதால் மேலே உள்ள வாய்ப்பு குறைவதில்லை. கணினி மேலிருந்துதான் பார்த்து வரும். "எப்படியும் கிடைக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி நான்கே கல்லூரிகளை எழுதினால், முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஒதுக்கீடு வந்த பின்னும், குறித்த தேதிக்குள் இணையத்திலும் கல்லூரியிலும் ரிப்போர்ட் செய்தால்தான் இடம் நமதாகும்.

அதுவரை உறவினருக்குச் சொல்ல வேண்டிய பதில், "இன்னும் முடிவு வரவில்லை" என்பதே. அதைப் பெற்றோர் அமைதியாகச் சொன்னால் பிள்ளையின் மனமும் அமைதி அடையும். இவ்வாண்டு காத்திருக்கும் நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் விரும்பிய படிப்பு அமைய வாழ்த்துகிறேன்.