முடக்குவாதம் உள்ளவருக்கு நெஞ்சுக்கூட்டில் வலியா?

முடக்குவாதம் விரலோடும் மணிக்கட்டோடும் நிற்பதில்லை. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடமும் வீங்கலாம். அப்போது புரண்டு படுத்தாலே சுருக்கென்று குத்தும்.

1. முதலில் இதயத்தைச் சந்தேகியுங்கள். நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகம். 'தொட்டால் வலிக்கிறது, வாயுப்பிடிப்புதான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டே, அது வேண்டவே வேண்டாம். மருத்துவர் பார்க்கட்டும், ஈ.சி.ஜி. எடுக்கட்டும்.

2. நெஞ்சுக்கூட்டு வலிதான் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, துணி சுற்றிய வெந்நீர்ப் பையால் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். இறுகிய தசை தளரும். தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள்; வீங்கிய இடம் இன்னும் நோகும்.

3. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவதைச் சில நாள் வேறு யாரிடமாவது விடுங்கள். கை இழுபட்டால் விலாவும் இழுபடும்.

4. இருமல் வந்தால் சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அதிர்வு குறையும்.

5. மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். ஏற்கெனவே மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு வயிற்றுப்புண்ணோ சிறுநீரகச் சிக்கலோ வரலாம். வழக்கமான மருந்தை நிறுத்தவும் கூடாது.

6. மூச்சை ஆழமாக இழுக்கும்போது குத்துகிறதா, கூடவே காய்ச்சலா? நுரையீரல் உறையில் அழற்சி இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து கொப்புளம் கிளம்பினால் அக்கியாக இருக்கும். எதுவானாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.