டவரின் முகம் எந்தப் பக்கம்?

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது.

செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்புக்குள் நின்றால் டவர் நன்றாகத் தெரிகிறது, போனில் மட்டும் சிக்னல் இல்லை, ஏன் என்று கேட்டிருந்தாய். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். மரங்கள் மறைப்பது ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தோன்றாது: உனக்கு டவர் தெரிகிறது, ஆனால் டவர் உன்னைப் பார்க்கிறதா?

டவர் உச்சியில் மூன்று திசைக்கு மூன்றாக நீளமான வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்திருப்பாய். அவைதான் செக்டார் ஆண்டெனாக்கள். வடக்கிலிருந்து வலமாக எத்தனை டிகிரி திரும்பி நிற்கிறது என்பது அசிமத். தரையை நோக்கி எத்தனை டிகிரி குனிந்திருக்கிறது என்பது டில்ட். பரவலாகப் பயன்படும் ஆண்டெனாவின் கதிர் பக்கவாட்டில் சுமார் 65 டிகிரி அகலம் உடையது; மேல்கீழாகச் சுமார் 7 டிகிரிதான். மீதிக் கதை முழுவதும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

முதலில் டில்ட். சமதரையில் 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆண்டெனா 4 டிகிரி குனிந்தால், கதிரின் நடுப்பகுதி ஏறத்தாழ 570 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். 2 டிகிரிதான் குனிந்தது என்றால் அதே கதிர் 1,150 மீட்டர் வரை போகும். பள்ளியில் படித்த டேன்ஜென்ட் கணக்குதான், போட்டுப் பார். ஆண்டெனாவைப் பிடித்திருக்கும் கிளாம்ப் சற்றே தளர்ந்து 2 டிகிரி நிமிர்ந்துவிட்டால் எட்டும் தூரம் இரட்டிப்பாகிறது. அதனால் நன்மை என்று நினைத்துவிடாதே. அருகில் இருக்கிறவனுக்குச் சிக்னல் கிடைக்காமல் போக, கதிர் தோப்பைத் தாண்டி மலைச்சுவரில் போய் மோதும்.

அசிமத் பிழை வேறு விதமாக வேலை செய்கிறது. கதிரின் நடுவில் இருப்பவருக்கு ஆண்டெனா 10 டிகிரி திரும்பினாலும் அரை டெசிபல்கூடக் குறையாது. நடுவிலிருந்து 50 டிகிரி விலகிய ஓரத்தில் இருப்பவருக்கு அதே 10 டிகிரியில் 3 டெசிபல் போய்விடும்; அதாவது பாதி வலு. ஊர் நடுவில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இழப்பு முழுவதும் ஓரத்துக்காரன் தலையில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பு அப்படிப்பட்ட ஓரம்.

ஆண்டெனாவின் இந்தக் கோணங்களை ஏன் கண்காணிக்க வேண்டும்? கரண்ட் போனாலும், கேபிள் அறுந்தாலும், ரேடியோ பெட்டி சூடானாலும் கண்காணிப்பு மையத்தில் அலாரம் வரும். ஆண்டெனா திரும்பிக்கொண்டால் எந்த அலாரமும் வராது. அது முழு ஆரோக்கியத்தோடு தவறான பக்கம் பேசிக்கொண்டிருக்கும். இப்போது பல ஆண்டெனாக்களில் டில்ட்டைத் தொலைவிலிருந்தே மாற்றும் மோட்டார் உண்டு. அது பெட்டியை அசைப்பதில்லை; உள்ளே அலைகளின் கட்டத்தை மாற்றிக் கதிரை மட்டும் குனிய வைக்கிறது. ஆகவே பெட்டியே சரிந்து கிடந்தாலும் மோட்டார் "நான் 4 டிகிரியில்தான் இருக்கிறேன்" என்றே சொல்லும். பதிவேட்டில் உள்ளது நாம் சொன்ன எண்; ஆண்டெனா நிற்கும் நிலை அல்ல.

ஆண்டெனா ஏன் திரும்புகிறது? ஆனி, ஆடிக் காற்று சரியாக முடுக்காத போல்ட்டைச் சோதித்துவிடும். ஒரே டவரைப் பல நிறுவனங்கள் பகிர்வதால், புது ஆண்டெனா மாட்ட ஏறும் ரிக்கர் பழையதை ஒதுக்கிவிட்டு இறங்குவதும் உண்டு. சில இடங்களில் ஆண்டெனா சரியாகவே நிற்கும். கேபிள்கள் மாறி, கிழக்கு செக்டாரின் பெயரில் மேற்கு பேசும்.

எனவே சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். டில்ட்டுக்குச் சாட்சி புவியீர்ப்பு. போனில் இருப்பது போன்ற ஒரு முடுக்கமானியைப் பெட்டியின் முதுகில் ஒட்டினால் எத்தனை டிகிரி சரிந்தது என்று சொல்லிவிடும். அசிமத்துக்கு அந்த வசதி இல்லை. நட்டுக்குத்தாக நிற்கும் ஒன்று தன்னைத்தானே சுற்றினால் புவியீர்ப்புக்கு அது தெரியாது. காம்பஸ் வைக்கலாமே என்பாய். காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகே செல்வதால் முள் கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். உண்மை வடக்கிலிருந்து முள் விலகுவதும் நம் பக்கம் 2 டிகிரிக்குள்தான். ஆனால் டவர் முழுக்க இரும்பு. அதன்மேல் நின்று காம்பஸ் பார்ப்பவருக்கு வடக்கு எங்கெங்கோ இருக்கும்.

அதனால் சிறு இடைவெளியில் இரண்டு ஜி.பி.எஸ். ஏற்பிகள் பொருத்திய கருவியை ஆண்டெனாவில் மாட்டுகிறார்கள். இரண்டையும் இணைக்கும் கோடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை செயற்கைக்கோள்களே சொல்லிவிடும், இரும்பு குறுக்கிடாது. கருவி இல்லையென்றால் தொலைவில் ஓர் அடையாளம் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தைவிட நல்ல அடையாளம் நம் பக்கம் கிடைக்குமா? வரைபடத்தில் டவரிலிருந்து கோபுரம் எத்தனை டிகிரி என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஆண்டெனாவின் கோணத்தை அளக்கலாம். சூரியனையும் கேட்கலாம், காலையிலோ மாலையிலோ. சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகலில் அது நேர் உச்சிக்கே வந்துவிடுவதால் நிழலை நம்ப முடியாது.

கடைசிச் சாட்சி நம் கைபேசிகள். 4ஜியில் டவர் ஒவ்வொரு போனின் தூரத்தையும் சுமார் 78 மீட்டர் படிகளில் அறிகிறது. நேற்றுவரை அடிவாரத்து ஆட்களைச் சுமந்த செக்டாருக்கு இன்று தொலைதூர ஆட்கள் வந்தால், அல்லது எதிர்ப்பக்கத்து டவருக்கு அழைப்புகளைக் கைமாற்றத் தொடங்கினால், சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு டவர் நட்டால் போயிற்றே என்பாய். இங்கே அது எளிதல்ல. சாம்பல்நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமாக்கப்பட்ட, செண்பகத்தோப்பை ஒட்டிய காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. யானை தோப்புக்குள் இறங்கும் இரவில் விவசாயிக்கும், அங்கே குடியிருக்கும் பளியர்களுக்கும், வனக்காவலருக்கும் போன் வேண்டும். புதிதாக நடுவதற்கு முன், இருப்பது நேராகப் பார்க்கிறதா என்று சரிபார்ப்பதுதான் மலிவான, காட்டுக்கும் தொந்தரவில்லாத வழி.

நீ டவரில் ஏற வேண்டாம். அது பயிற்சியும் பாதுகாப்பு வாரும் உள்ள ரிக்கரின் வேலை. காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் போகாதே. சாலையோரமாக ஐந்தாறு இடங்களைத் தேர்ந்துகொள். ஒவ்வோர் இடத்திலும் போன் எந்த செக்டாரோடு பேசுகிறது என்று காட்டும் செல் ஐ.டி.யையும் சிக்னல் அளவையும் நேரத்தோடு நோட்டில் எழுது. மைனஸ் 80 டி.பி.எம். நல்ல சிக்னல், மைனஸ் 110 தள்ளாட்டம். ஆடிக் காற்று ஓய்ந்தபின் அதே போனோடு அதே இடங்களில் மறுபடியும் அள. ஓர் இடத்தில் மட்டும் குறைந்தால் இலையோ வண்டியோ காரணமாக இருக்கலாம். ஒரு பக்கத்து இடங்கள் எல்லாம் சேர்ந்து குறைந்து, மறுபக்கம் கூடியிருந்தால் ஆண்டெனா திரும்பியிருக்கிறது என்று ஊகிக்கலாம். புகார் எழுதும்போது "சிக்னல் இல்லை" என்று எழுதாதே. அந்த அட்டவணையை இணைத்து அனுப்பு. எந்த செக்டாரைப் பார்க்க ஆளை ஏற்ற வேண்டும் என்று படிக்கிற பொறியாளருக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
மாமா