மஞ்சள் விளக்கு

அவர் பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். கடன் வாங்கி எடுத்த கார். ஒரு நாள் ஸ்டியரிங் முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதில் இஞ்சின் படம் இருந்தது. சவாரியை விட மனம் வரவில்லை. அப்படியே ஓட்டினார்.

மறுநாள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கார் குலுங்கியது. பயந்து போய் ஓரமாக நிறுத்தினார். மெக்கானிக்கை அழைத்தார்.

மெக்கானிக் சிறு கருவியைக் காரில் செருகினார். அதில் பழுதின் எண் தெரிந்தது.

"ஒரு பிளக் கெட்டுவிட்டது தம்பி. பெட்ரோல் சரியாக எரியவில்லை" என்றார்.

"கொஞ்ச தூரம் ஓட்டலாமா அண்ணே?"

"கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகும். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் பகுதி உண்டு. அது அதிகச் சூடாகிக் கெட்டுவிடும். பிளக்குக்குச் சில நூறு ரூபாய். அந்தப் பகுதிக்குப் பல ஆயிரம். நேற்றே வந்திருக்கலாமே!"

நினைவில் வையுங்கள்:

சாவி போட்டதும் இந்த விளக்கு எரியும். இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும்.

அணையாமல் எரிந்தால் மெதுவாக ஓட்டுங்கள். அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

விட்டு விட்டு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். இஞ்சினை அணையுங்கள்.

எண்ணெய்ச் சொம்பு படம் சிவப்பாக எரிந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

பயிற்சி:

1. எது கெட்டிருந்தது?
2. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் என்ன செய்வீர்கள்?